பின்னால் வருபவர்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை: தலைப்பு தேடுவதிலிருந்து அச்சாவது வரை

“இஸ்லாமியச் சிந்தனையில் வருங்காலத் தலைமுறை” என்று ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பப்போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தக் கட்டுரையில் யாருக்கும் யாருக்கும் வழக்கு?

பெரும்பாலும் பதில் வராது. மனிதன் பூமியில் கலீஃபா (இறைவனின் பொறுப்பாளன்) என்ற, குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 30ஆம் வசனம், தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்ற அர்ரூமின் 41ஆம் வசனம், மறுமை நாளே வந்தாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடுங்கள் என்ற ஹதீஸ், இவை மூன்றும் வரிசையாக வரும். கடைசியில் “1400 ஆண்டுகளுக்கு முன்பே இஸ்லாம் சொல்லிவிட்டது” என்று முடியும். ஜும்ஆ பயானுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆய்விதழ் ஆசிரியரோ மதிப்பாய்வுக்குக்கூட அனுப்பாமல் திருப்பிவிடுவார். கருத்து தவறு என்பதற்காக அல்ல. செய்யித் ஹுசைன் நஸ்ர் 1966இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய காலத்திலிருந்து இந்த வரிசை திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவிட்டது. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வெளியான காலநிலைப் பிரகடனம், 2024இல் நைரோபியில் வெளியிடப்பட்ட அல்-மீஸான் உடன்படிக்கை ஆகியவற்றில் இதெல்லாம் முறையாகத் தொகுக்கப்பட்டும் இருக்கிறது. இஸ்தான்புல் பிரகடனத்துக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவரான ஃபஸ்லுன் காலித் இலங்கையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மதரஸாவில் ஓதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களையும், இஸ்லாமியக் கற்கை, தத்துவம், சட்டம் போன்ற துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆங்கில ஆய்விதழில் முதல் கட்டுரை என்பதே இலக்கு.

முதல் படி: ஒரு வழக்கைக் கண்டுபிடியுங்கள்

இன்று இருப்பவனுக்கு ஓர் உரிமை இருக்கிறது. நாளை வருபவனுக்காக அதைக் குறைக்கச் சொல்கிறார்கள். அவன் எதிர்த்துப் பேசுகிறான். இப்படி ஓர் இடம் மூலநூல்களில் கிடைத்தால் உங்களுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

மிகச் சிறந்த உதாரணம் சவாத். இராக்கின் வளமான ஆற்றுச் சமவெளி முஸ்லிம் படைகளின் கைக்கு வந்தபோது, வென்ற வீரர்கள் நிலத்தைப் பங்கிட்டுத் தரச் சொன்னார்கள். கைபரில் நபியவர்களே பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டது நியாயமான கோரிக்கை. ஆட்சியாளராக இருந்த உமர் (ரலி) மறுத்தார்கள். கராஜ் எனும் நிலவரியைப் பற்றி அபூ யூசுஃப் எழுதிய கிதாபுல் கராஜ் தரும் விவரத்தின்படி, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் போன்றவர்கள் வீரர்கள் பக்கம் நின்றார்கள். அலீ, உஸ்மான், தல்ஹா உமரின் பக்கம். பிறகு அவ்ஸ் குலத்திலிருந்து 5 பேர், கஸ்ரஜ் குலத்திலிருந்து 5 பேர் என மதீனாவின் அன்ஸாரிகளில் 10 பேரை அழைத்து ஆலோசனை கேட்கிறார்கள் உமர். அங்கே வைத்த வாதத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று, இன்றே பங்கிட்டுவிட்டால் பின்னால் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும்? மற்றொன்று, ஷாம் (சிரியா), கூஃபா, பஸ்ரா, மிஸ்ர் (எகிப்து) எல்லைகளைக் காக்கும் படைகளுக்கு எங்கிருந்து கூலி கொடுப்பது? ஆதாரமாக ஓதியது அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனங்கள். செல்வம் உங்களில் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்ற 7ஆம் வசனத்தில் தொடங்கி, “அவர்களுக்குப் பின் வந்தவர்களும்” என்ற 10ஆம் வசனத்தில் வந்து நிற்கிறார்கள்.

நிலம் பங்கிடப்படவில்லை. உஸ்மான் பின் ஹுனைஃப் அளந்தபோது 3 கோடியே 60 லட்சம் ஜரீப் (அன்றைய நில அளவு) இருந்ததாக அறிவிப்பு. உழுதுகொண்டிருந்தவர்களிடமே நிலத்தை விட்டு, கராஜ் வரி விதித்தார்கள். ஷாம் நிலத்தைப் பற்றி இதே தகராறு எழுந்தபோது பிலால் (ரலி) விடாமல் வாதாடியதையும், “இறைவா, பிலாலிடமிருந்தும் அவருடைய தோழர்களிடமிருந்தும் என்னைக் காப்பாற்று” என்று உமர் துஆ கேட்டதையும் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. எவ்வளவு சூடான வழக்கு என்பதற்கு இந்த ஒரு துஆ போதும்.

பிந்தைய இமாம்களும் இதில் ஒன்றுபடவில்லை. அபூ ஹனீஃபா, பங்கிடுவதா வைத்திருப்பதா என்பதை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விடுகிறார். மாலிக், அப்படிப்பட்ட நிலம் வக்ஃபாகிவிடுகிறது, அதாவது யாரும் விற்கவோ பங்கிடவோ முடியாத அறக்கொடைச் சொத்தாகிவிடுகிறது என்கிறார். ஷாஃபிஈயோ, அது வீரர்களின் பங்குதான், அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றே உமர் நிறுத்தி வைத்தார் என்கிறார். மூன்று பதிலுக்குள்ளும் மூன்று வேறு தத்துவங்கள் இருக்கின்றன. ஷாஃபிஈயின் பதிலில், வருங்காலத்தின் பெயரால் இன்றைய உரிமையை ஆட்சியாளர் தானாகப் பறிக்க முடியாது. இன்றைய காலநிலைக் கொள்கை விவாதத்தில் பாதி இதே கேள்விதான்.

அரபு மூலத்தை நேரடியாகப் படிக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1894இல், அன்றைய இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வங்காளத்து வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. இரண்டு சகோதரர்கள் தங்கள் சொத்தைப் பிள்ளைகளுக்கும் வழித்தோன்றல்களுக்குமாக வக்ஃபு செய்து, வம்சமே அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேரட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஏழைகளுக்கான பங்கு வெறும் கண்துடைப்பு, எனவே இது வக்ஃபே இல்லை என்றார்கள் நீதிபதிகள். முஸ்லிம் அறிஞர்கள் கொதித்தார்கள். ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913இல் சட்டமாகிக் குடும்ப வக்ஃபு மீண்டும் செல்லுபடியானது. பிறக்காத சந்ததிக்குச் சொத்து ஒதுக்குவது தர்மமா, குடும்பச் சுயநலமா? தீர்ப்பு, சட்டமன்ற விவாதம், அன்றைய கண்டனக் கட்டுரைகளில் பல ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழைய பள்ளிவாசல் பெட்டிகளில் கிடக்கும் தமிழ் வக்ஃபு சாசனங்களை இதோடு சேர்த்துப் படித்தால், வேறெவரும் எழுத முடியாத கட்டுரை ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். அரபு நன்றாகத் தெரிந்தவர்களையும் நான் இந்தப் பக்கம்தான் தள்ளிவிடப் பார்ப்பேன்.

இரண்டாம் படி: கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதி, அதை நீங்களே எதிர்த்துப் பாருங்கள்

சவாத் வழக்கையே வைத்துக்கொள்வோம். “உமர் பிறக்காதவர்களுக்கு உரிமை உண்டு என்று கருதினாரா, அல்லது அரசுக்கு நிலையான வருவாய் வேண்டும் என்று கருதினாரா?” இது கேள்வி. இனி எதிர்ப்புகள். அவர் சொன்னது பின்னால் வரும் முஸ்லிம்களைப் பற்றி. அதை மனிதகுலம் முழுமைக்கும் நீட்ட என்ன ஆதாரம்? வருங்காலத்துக்கான இந்த ஏற்பாட்டின் செலவை வரியாகக் கட்டியவன் அந்த மண்ணின் உழவன். அவனுடைய நியாயம் எங்கே? அபூ யூசுஃப் நூலை எழுதியது ஹாரூன் அர்ரஷீதுக்காக. சம்பவத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, கராஜ் வரியை நம்பியிருந்த அரசின் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டு. அந்த அரசின் தேவை அறிவிப்பில் ஏறியிருக்காதா?

மூன்றும் உங்கள் மதிப்பாய்வாளர் கட்டாயம் கேட்கப்போகிற கேள்விகள். அவர் கேட்கும் முன் நீங்கள் கட்டுரையில் எழுப்பியிருக்க வேண்டும்.

தத்துவத் துறை இதழைக் குறிவைத்தால் டெரிக் பார்ஃபிட் 1984இல் முன்வைத்த சிக்கலையும் தொட்டாக வேண்டும். இன்று நாம் எடுக்கும் முடிவே நாளை யார் பிறப்பார்கள் என்பதை மாற்றிவிடுகிறது. அப்படியானால் அந்த முடிவால் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று யாரைச் சொல்வது? ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டம்) நூல்களில் இதற்குப் பக்கத்திலேயே ஒரு பேச்சு நடந்திருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு வாரிசுப் பங்கை நிறுத்தி வைப்பதில் தொடங்கி, இன்னும் கருவாகவே ஆகாதவருக்கு வஸிய்யத் (உயில்) செல்லுமா என்பது வரை மத்ஹபுகள், அதாவது சட்டப் பள்ளிகள், வாதாடியிருக்கின்றன. இந்த இரண்டு உரையாடல்களையும் ஒரே மேசையில் வைத்தவர்கள் குறைவு.

மூன்றாம் படி: மூலத்தை மூலத்திலேயே பாருங்கள்

தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். மேற்கோள் மட்டும் அரபுப் பதிப்பிலிருந்து வரட்டும். அல்-மக்தபா அஷ்-ஷாமிலா என்ற அரபு மின்நூலகம் இலவசமாகக் கிடைக்கிறது. நம் மாணவர்கள் எல்லோரும் அதில்தான் தேடுகிறார்கள். அதில் ஒவ்வொரு நூலின் விவரப் பக்கத்திலும், பக்க எண்கள் அச்சுப் பதிப்போடு ஒத்துப்போகின்றனவா என்று குறித்திருப்பார்கள். ஒத்துப்போகாத நூலின் பக்க எண்ணை அடிக்குறிப்பில் போட்டால் மதிப்பாய்வாளர் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் எரிச்சலடைவார். அச்சுப் பதிப்பின் ஸ்கேனைத் திறந்து பதிப்பாளர், ஊர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹதீஸ் எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எண்ணோடு நூலின் பாடத்தையும் பாபையும் (உட்தலைப்பு) சேர்த்துக் கொடுத்தால் தொல்லை இல்லை. உதாரணமாக, “பின்னால் வரும் முஸ்லிம்கள் மட்டும் இல்லையென்றால், நபியவர்கள் கைபரைப் பங்கிட்டதுபோல் வென்ற ஒவ்வோர் ஊரையும் பங்கிட்டிருப்பேன்” என்ற உமரின் சொல் புகாரியில் விவசாயம் பற்றிய பாடத்திலும் வருகிறது, கைபர் போரைப் பற்றிய பகுதியிலும் வருகிறது. ஒரே செய்தியை இமாம் புகாரி எந்தெந்தத் தலைப்பின் கீழ் வைத்தார் என்பதே உங்கள் கட்டுரையில் ஒரு பத்திக்குப் பொருளாகும். அபூ யூசுஃபின் வரி நூலில் இது நிதிச் செய்தி. புகாரியின் விவசாயப் பாடத்தில் நிலத்தைப் பற்றிய செய்தி.

நான்காம் படி: முன்பு எழுதியவர்களைத் தேடுங்கள்

“வருங்காலத் தலைமுறை” என்ற சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் பொதுவான கட்டுரைகளே வரும். வக்ஃபு, ஃபய்உ (போரிடாமல் கிடைத்த பொதுச் செல்வம்), கராஜ், மஸ்லஹா (பொதுநலன்), மகாஸித் (சட்டத்தின் நோக்கங்கள்), ஹிமா (பாதுகாக்கப்பட்ட நிலம்) என்று தேடுங்கள். நல்ல ஆய்வுகள் இந்தப் பெயர்களின் கீழேதான் ஒளிந்திருக்கின்றன. இன்டெக்ஸ் இஸ்லாமிக்கஸ் என்ற நூல்விவர அட்டவணை உங்கள் நூலகத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் கூகுள் ஸ்காலரும், இலவசக் கணக்கில் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்க விடும் ஜேஸ்டோரும், இந்திய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா இணையக் களஞ்சியமும் போதும். கிடைக்காத கட்டுரைக்கு அதன் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுவார்கள். நம்மவர்கள்தான் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

ஐந்தாம் படி: எழுதும் முன்பே இதழைத் தேர்ந்தெடுங்கள்

எழுதி முடித்துவிட்டு எங்கே அனுப்பலாம் என்று தேடுவது நம்மிடையே பரவலான பழக்கம். அதனால் ஒரே கட்டுரை இதழுக்கு இதழ் அலைகிறது. சவாத் கட்டுரையையே பல விதமாக எழுதலாம். நெறியியல் கோணம் என்றால் தோஹாவின் ஆய்வு மையத்தோடு இணைந்து பிரில் பதிப்பகம் 2017 முதல் வெளியிடும் ஜர்னல் ஆஃப் இஸ்லாமிக் எதிக்ஸ். சட்ட வரலாறு என்றால் இஸ்லாமிக் லா அண்ட் சொசைட்டி. சமயமும் சூழலியலும் என்றால் வேர்ல்ட்வியூஸ். சமயத்தையும் அறிவியலையும் சேர்த்துப் பேசுவதானால் ஸைகான். 2024 முதல் அது படிப்பவரிடமும் எழுதுபவரிடமும் கட்டணம் வாங்காத இதழாகிவிட்டது. 1962இல் தொடங்கி, இப்போது இஸ்லாமாபாதிலிருந்து வரும் இஸ்லாமிக் ஸ்டடீஸ், மலேசியப் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் இன்டலெக்சுவல் டிஸ்கோர்ஸ், 1984இல் தொடங்கிய அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் இஸ்லாம் அண்ட் சொசைட்டி ஆகியவை புதியவர்களுக்கு எட்டாதவை அல்ல.

தேர்ந்த இதழில் கடைசி இரண்டு ஆண்டுகளின் பொருளடக்கத்தைப் படியுங்கள். உங்கள் கட்டுரை உரையாட வேண்டிய ஒரு கட்டுரையாவது அங்கே இருக்க வேண்டும்.

போலி இதழ்களைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. “மதிப்புக்குரிய பேராசிரியரே” என்று அறிமுகமே இல்லாத உங்களுக்கு மின்னஞ்சல் வரும். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று இருக்கும். தத்துவமும் பொறியியலும் கால்நடை மருத்துவமும் ஒரே இதழில் இருக்கும். புகழ்பெற்ற இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற அடையாள எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. ஆகவே பதிப்பகத்தின் தளத்திலிருந்தே இதழுக்குள் நுழையுங்கள். கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ் என்றால் அத்தகைய இதழ்களைச் சரிபார்த்துத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கீகரித்த இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இனி எந்த இதழ் செல்லும் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எழுதுவது

ஆய்வுச்சுருக்கத்தை முதலில் எழுதிப் பாருங்கள். பொதுவாக வருவது இப்படி இருக்கும்: “சுற்றுச்சூழல் நெருக்கடி இன்று உலகை அச்சுறுத்துகிறது. இஸ்லாம் முழுமையான வாழ்க்கை நெறி. வருங்காலத் தலைமுறையின் உரிமைகள் பற்றிக் குர்ஆனும் ஹதீஸும் கூறுவதை இக்கட்டுரை ஆராய்கிறது.” மூன்று வாக்கியம் படித்தும் நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியவில்லை.

இப்படி மாற்றுங்கள்: “சவாத் நிலத்தைப் பங்கிட உமர் மறுத்ததைத் தலைமுறைகளுக்கு இடையிலான நீதிக்கு முன்னுதாரணமாகக் காட்டுவது உண்டு. அபூ யூசுஃப், அபூ உபைத் ஆகியோரின் அறிவிப்புகளை ஒப்பிடும் இக்கட்டுரை, அந்த வாதம் பிறக்காதவர்களின் உரிமையை நேரடியாக நிறுவவில்லை என்றும், ஒரு பொதுச் சொத்தின் மீது அடுத்தடுத்து வருபவர்களுக்குள்ள பங்கையே நிறுவுகிறது என்றும் வாதிடுகிறது. ஷாஃபிஈயின் சம்மத நிபந்தனை இந்த வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது.” சம்மதிக்காதவர்கள் எதிர்த்து எழுத இதில் இடம் இருக்கிறது, பாருங்கள். உங்கள் முடிவு இதற்கு நேர்மாறாக இருந்தாலும் சரி. அதை இவ்வளவு துலக்கமாகச் சொல்ல வேண்டும் என்பதே முக்கியம்.

அரபுச் சொற்களை ரோம எழுத்தில் எழுத இதழ் எந்த முறையைக் கேட்கிறது என்று பாருங்கள். ஐஜேஎம்இஎஸ் என்ற மத்திய கிழக்கு ஆய்விதழின் முறை பரவலானது. ஐன், ஹம்ஸா என்ற அரபு எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே மேற்கோள் குறியைப் போட்டுவிடுவது நம் பக்கத்துக் கட்டுரைகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. யூனிகோட் எழுத்துருவில் முதல் நாளிலிருந்தே சரியாக அடியுங்கள். அடிக்குறிப்புகளை ஸோடெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்து வைத்தால், வேறு இதழுக்கு மாறும்போது ஒரு வாரம் மிச்சம். (ஸல்), (ரலி) போடுவதா என்பது பலருக்கு மனச்சங்கடம். பல ஆங்கில இதழ்கள் அவற்றை எதிர்பார்ப்பதில்லை. வாயால் சொல்லிக்கொண்டு எழுத்தில் விட்டுவிடும் ஆலிம்களை எனக்குத் தெரியும். சில இதழ்கள் அனுமதிக்கவும் செய்கின்றன.

ஏழாம் படி: அனுப்புவது

ஒரே நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்பலாம். இது எழுதாத விதி அல்ல, பெரும்பாலும் நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் விதி. பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால், முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் இருக்கும். “என் முந்தைய கட்டுரையில் கூறியதுபோல்” என்ற வரியும் காட்டிக்கொடுக்கும். ஆசிரியருக்கான கடிதம் அரைப் பக்கம் போதும்: கேள்வி என்ன, விடை என்ன, இந்த இதழின் வாசகருக்கு ஏன். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஆங்கிலத்தைத் திருத்தியிருந்தால் இதழின் விதிப்படி அதைத் தெரிவியுங்கள். அந்தக் கருவி தரும் ஹதீஸ் எண்ணையும் நூல் பக்கத்தையும் மட்டும் சரிபார்க்காமல் நம்பாதீர்கள், இல்லாத நூலையே பெயரோடு தந்துவிடும்.

பிறகு காத்திருப்பு. பல மாதங்கள் ஆகும், ஓராண்டைத் தொடுவதும் உண்டு. நான்கைந்து மாதம் கழித்து மரியாதையாக ஒரு வரி விசாரிப்பதில் தவறில்லை.

எட்டாம் படி: மதிப்பாய்வாளருக்குப் பதில்

“பெரிய திருத்தங்களுடன் மீண்டும் அனுப்புங்கள்” என்று வந்தால் அது நல்ல செய்தி. பலர் அதை நிராகரிப்பு என்று நினைத்துக் கோப்பை மூடிவிடுகிறார்கள். வேண்டாமென்றால் நேராகவே சொல்லியிருப்பார்கள்.

ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். அவர் “பின்னால் வரும் முஸ்லிம்களை மனிதகுலமாக நீட்டுகிறீர்கள்” என்று எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். “தாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை” என்று தொடங்கினால் காரியம் கெட்டது. “இந்த எல்லையைக் கட்டுரை தெளிவாகச் சொல்லவில்லை. இரண்டாம் பகுதியின் கடைசிப் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்: அறிவிப்பு முஸ்லிம் சமூகத்தைப் பற்றியதே. மனிதகுலத்துக்கு விரிப்பதற்குத் தனி வாதம் தேவை; அதை மகாஸித் சிந்தனையிலிருந்து நான்காம் பகுதியில் தருகிறேன்” என்று எழுதுங்கள். அவர் சொன்னது உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் மறுக்கவும் செய்யலாம், மூலத்தைக் காட்டி. மதிப்பாய்வாளர்களில் ஒருவருக்கு அரபு தெரியாமல் இருக்கலாம், மற்றவருக்குத் தத்துவம் தெரியாமல் இருக்கலாம்; இரண்டு துறைக்கு நடுவில் நின்று எழுதுகிறவர்கள் இரண்டு பேருக்கும் பொறுமையாக விளக்கித்தான் ஆக வேண்டும்.

ஒன்பதாம் படி: ஏற்கப்பட்ட பிறகு

அச்சுப்படி வந்ததும் அரபுக் குறிகளையும் வசன எண்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வடிவமைப்பில் முதலில் உடைவது அவைதான். உரிமை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கட்டணம் செலுத்தித் திறந்த வெளியீடாக்கும் வசதியைக் காட்டினால் அது கட்டாயமா, விருப்பமா என்று பாருங்கள். சந்தா இதழ்களில் பெரும்பாலும் விருப்பம்தான். பணம் கட்டாமலே கட்டுரை வெளிவரும். கட்டாயக் கட்டணம் உள்ள இதழ்களில் தள்ளுபடி கேட்க இடம் உண்டு, ஆனால் அதை அனுப்பும் நேரத்திலேயே கேட்க வேண்டும், ஏற்கப்பட்ட பின் கேட்டால் பல இதழ்கள் தருவதில்லை.

மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பகம் வடிவமைக்காத உங்கள் சொந்தப் படியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன; எத்தனை மாதம் கழித்து என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தப் படியை அன்றைக்கே தனியாகச் சேமித்துவிடுங்கள். தமிழில் அதை விரித்து எழுதும் உரிமையையும் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். பேருவளை ஜாமிஆ நளீமிய்யாவிலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதே தலைப்பில் உழைத்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு ஆங்கில இதழ் கைக்கு வராது, தமிழ்ப் பிரதி வரும்.